பேசி முடிக்கிற வரைக்கும்

ஜூன் 11

லீடருக்கு,

நாலஞ்சு நாளா உன் போன் அணைஞ்சே கிடக்கு. அதான் கடிதம். ஹாஸ்டல் வார்டன்கிட்ட உன் வீட்டு விலாசம் கேட்டேன். எதுக்குன்னு என்னை மேலயும் கீழயும் பார்த்தாங்க. நோட்ஸ் அனுப்பணும்னேன். நம்பலை. ஆனா எழுதிக் கொடுத்துட்டாங்க.

நீ சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போனதுக்கு நான்தான் காரணம்னு வகுப்புல எல்லாரும் முடிவே பண்ணிட்டாங்க. எனக்கும் அப்படித்தான் படுது. அன்னிக்கு நம்ம காலேஜ் கிளினிக்ல, பயிற்சிக்கு வர்ற அந்த செல்போன் கடைக்காரர் "நா... நா..."ன்னு திக்கிட்டு நின்னப்போ, பாவம்னு நீ அவர் சொல்ல வந்ததை எடுத்துக் கொடுத்த. நல்ல மனசோடதான் கொடுத்த. நான் இருந்துகிட்டு, மேடம் முன்னாடி, அவர் முன்னாடி, "அவர் வாயிலேர்ந்து பிடுங்காத, முடிக்க விடு"ன்னு சொல்லிட்டேன். பேச்சுப் பயிற்சி வகுப்புலேயே முதல் ஆளு நீ. உன்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நீ ஃபைலை மூடி வச்சுட்டுப் போன. சாயங்காலம் கேட்டா, உன் பெட்டியும் இல்லைங்கிறாங்க.

மன்னிச்சுக்கோ. சொன்ன விஷயம் சரின்னு இப்பவும் நினைக்கிறேன்; சொன்ன விதம்தான் சரியில்லை. (இதை ரூம்மேட்கிட்ட படிச்சுக் காட்டினேன். "இது மன்னிப்பா, மேல்முறையீடா?"ன்னு கேட்டான். அடிச்சு எழுத மனசு வரலை. அப்படியே இருக்கட்டும்.)

தொண்டை கட்டி நம்ம கிளினிக்குக்கு வருவாங்களே, காய்கறி விக்கிற அக்கா, அவங்க உன்னைக் கேட்டாங்க. நீ சொன்ன மாதிரியே இப்போ கூவுறதில்லையாம். மணி வாங்கி அடிக்கிறாங்களாம். தெருவுல எல்லாரும் பள்ளிக்கூடம் விட்டாச்சுன்னு நினைக்கிறாங்களாம்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

ஒட்டகம்


ஜூன் 17

ஒட்டகத்துக்கு,

நீ ஒண்ணும் அவ்வளவு பெரிய ஆள் இல்லை. உன் ஒரு வார்த்தைக்குப் பெட்டி கட்டிட்டு ஓடுற ஆள் நானும் இல்லை.

அன்னிக்கு ஃபைலை மூடிட்டு வெளிய வந்தா அம்மாவோட போன். அப்பா டிரைவிங் கிளாஸ் முடிச்சு காரை விட்டு இறங்கினவர் அப்படியே சரிஞ்சுட்டார். பக்கவாதம். நான் போய்ச் சேர்ந்தப்போ கண் முழிச்சிருந்தார். என்னைத் தெரியுது. சொல்றதெல்லாம் புரியுது. நடக்கிறார். வலது கை கொஞ்சம் மக்கர் பண்ணுது. ஆனா பேச்சு போயிடுச்சு.

உனக்கு விளக்க வேண்டியதில்லை. ரெண்டு பேரும் சேர்ந்துதானே அந்தப் பாடத்தைப் படிச்சோம். நான் அதுல எவ்வளவு மார்க் வாங்கினேன்னும் உனக்குத் தெரியும். இப்போ எங்க வீட்டு சோபாவுல அப்பா துண்டு வேணும்னு கேட்கத் தெரியாம "அது... அது..."ன்னு சுவரைக் காட்டிட்டு உக்காந்திருக்கார். நான் ஜன்னலைத் திறக்கிறேன், ஃபேனைப் போடுறேன். அந்த மார்க்கை வச்சு என்ன பண்றது?

எங்க அப்பாவை உனக்குத் தெரியாது. டிரைவிங் ஸ்கூல் நடத்துறவர். பேச்சுதான் அவருக்குப் பாதி தொழில். வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. "கொஞ்சம் நியூட்ரல்ல போடுங்களேன்"னு அம்மா கெஞ்சுவாங்க. இப்போ வீடு அமைதியா இருக்கு. அம்மா எதையாவது தேடுற மாதிரி ரூம் ரூமா நடக்கிறாங்க.

போனை அணைச்சது உன்மேல இருக்கிற கோபத்துல இல்லை. பேச முடியாதவர் ஹால்ல இருக்கும்போது பக்கத்து ரூம்ல நின்னு "ஆமா, இல்லை, அப்புறம்"னு பேசிட்டு இருக்க என்னால முடியலை. அவர் காதுல விழுமே. அதனால நீயும் கூப்பிடாத.

கோபம் போயிடுச்சுன்னு நினைக்காத. அது தனியா இருக்கு. இப்போ அதுக்கு நேரமில்லை.

லீடர்


ஜூன் 23

லீடர்,

உன் கடிதம் படிச்சதுலேர்ந்து மெஸ்ஸுல சாப்பாடு இறங்கலை. நீ அந்த நிலைமையில இருக்க, நான் என் மன்னிப்பைத் தூக்கிட்டு வந்து வாசல்ல நின்னிருக்கேன். வெக்கமா இருக்கு.

மேடம்கிட்ட சொன்னேன். கோவிச்சுக்காத, நாமளே எல்லாம் பார்த்துக்கிற விஷயமா இது? ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள்ள நீ வந்து சேர்ந்தா வருஷம் வீணாகாதாம், லீவுக்கு அவங்க பொறுப்பாம். முதல் சில மாசம் பயிற்சியை விடவே கூடாதுன்னும் சொல்லச் சொன்னாங்க. அங்க ஆஸ்பத்திரியில தெரபிஸ்ட் யாராவது இருப்பாங்க, விசாரி.

கிளினிக்லேர்ந்து படக் கார்டு ஒரு கட்டு அனுப்பியிருக்கேன். நான் ராத்திரியெல்லாம்னு பொய் சொல்ல மாட்டேன், ஞாயித்துக்கிழமை மத்தியானம் பூரா உக்காந்து உங்க அப்பா கேஸுக்கு ஒரு திட்டம் போட்டேன். காலையில வீட்டுப் பொருள் கார்டு, சாயங்காலம் வினைச்சொல் கார்டு. முதல்ல சும்மா காட்டி எடுக்கச் சொல்லு, அப்புறம் பேரைச் சொல்லச் சொல்லு. முன்னேற்றத்தைக் குறிச்சு அனுப்பினா நான் மேடம்கிட்ட காட்டி அடுத்ததைக் கேட்டு எழுதறேன்.

நீ தைரியமா இரு. நல்ல கேஸ்தான். புரியுது, நடக்கிறார், வயசும் அதிகமில்லை. கண்டிப்பா வரும்.

ஒட்டகம்


ஜூலை 1

எங்க அப்பா கேஸ் இல்லை.

இதை முதல்ல எழுதிட்டேன். இனிமே மத்தது.

உன் கார்டு வந்தது. நீ சொன்னபடியே செஞ்சேன், ஏன்னா எனக்கும் வேற வழி தெரியலை. ஆஸ்பத்திரி தெரபிஸ்ட் வாரத்துக்கு ஒரு நாள்தான் வர்றாங்க. முதல் கார்டு கப். அப்பா முன்னாடி கப் படத்தைப் பிடிச்சுட்டு "இது என்னப்பா?"ன்னு கேட்டேன். குழந்தைகிட்ட கேட்கிற குரல்ல கேட்டிருக்கேன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. அவர் என்னையே பார்த்தார். அரை ஊருக்கு வண்டி ஓட்டக் கத்துக் கொடுத்தவர். ரெண்டாவது கார்டு சீப்பு. மூணாவதுக்குள்ள கட்டைப் பிடுங்கி வீசிட்டார். சோபாவுக்கு அடியில, டிவிக்குப் பின்னாடி, எல்லா இடத்துலயும் கார்டு. அம்மா குனிஞ்சு பொறுக்கிக்கிட்டே அழுதாங்க. அப்பாவும் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

நான் திரும்பி வரலை. முடிவு பண்ணிட்டேன். டிரைவிங் ஸ்கூலை மூட முடியாது, பாதியில நிக்கிற ஆளுங்க இருக்காங்க. எனக்கு லைசென்ஸ் இருக்கு, அப்பா எப்படிச் சொல்லித் தருவார்னு சின்ன வயசிலேர்ந்து பின் சீட்ல உக்காந்து கேட்டிருக்கேன். போன வாரத்துலேர்ந்து நானே கிளாஸ் எடுக்கிறேன். பெத்தவருக்கே உதவாத படிப்பைப் படிச்சு முடிச்சு யாருக்கு என்ன ஆகப் போகுது?

மேடம்கிட்ட நீயே சொல்லிடு. கார்டைத் திருப்பி அனுப்பியிருக்கேன், சீப்பு மட்டும் கிடைக்கலை. இனிமே எழுதாத. நல்லவன்தான் நீ. அதுவும் இப்போ எரிச்சலா இருக்கு.


ஜூலை 7

லீடர்,

எழுதாதன்னு சொன்னதுக்கு அப்புறம் எழுதறேன். இதைப் படிச்சுட்டுக் கிழிச்சுப் போடு.

கேஸ்னு எழுதினது தப்பு. இதுல மேல்முறையீடு எதுவும் இல்லை.

மேடம்கிட்ட நீ வரமாட்டன்னு நான் சொல்லலை. அதைச் சொல்ற வேலையை எனக்குக் கொடுக்காத. வேற ஒண்ணு சொல்லணும்.

நான் திக்குவேன்.

சின்ன வயசிலேர்ந்தே. இப்பவும். உனக்குத் தெரியாது, யாருக்குமே தெரியாது, ஏன்னா மறைக்கிறதுல நான் கெட்டிக்காரன். எந்த வார்த்தையில மாட்டுவேன்னு முன்னாடியே தெரியும். அதைச் சுத்திக்கிட்டு வேற வார்த்தையில போயிடுவேன். கேன்டீன்ல எப்பவும் டீயான்னு கேட்பீங்களே, எனக்கு டீ பிடிக்கவே பிடிக்காது. காபின்னு கேட்க வராது, அதான். உயரமா இருக்கேன், மெதுவா அசை போட்டுப் பேசுறேன்னு ஒட்டகம்னு பேர் வச்சீங்க. நான் அசை போடலை. அடுத்த அடியில பள்ளம் இருக்கான்னு பார்த்துட்டு இருப்பேன்.

எங்க வீட்ல எல்லாருக்கும் நல்ல மனசு. நான் வாயைத் திறந்தா அக்கா முடிச்சு வைப்பா. அவ இல்லைன்னா அம்மா. பாதி நேரம் தப்பா முடிப்பாங்க. எதுக்கு வம்புன்னு நானும் தலையாட்டிடுவேன். அப்படித் தலையாட்டியே பிடிக்காத கலர்ல எத்தனை சட்டை போட்டிருக்கேன் தெரியுமா? நான் என்ன சொல்ல வந்தேன்னு எனக்கே மறந்து போற அளவுக்கு எல்லாரும் எனக்காகப் பேசினாங்க. அன்னிக்கு கிளினிக்ல உன்மேல பாஞ்சது செல்போன் கடைக்காரருக்காக இல்லை. எனக்காக.

உங்க அப்பாவுக்கு என்ன பயிற்சி கொடுக்கணும்னு எனக்குத் தெரியாது. அவர் கஷ்டம் வேற, என் கஷ்டம் வேற, அதுவும் தெரியும். ஆனா வார்த்தை உள்ளேயே நிக்கும்போது எப்படி இருக்கும்னு தெரியும். வராத வார்த்தை பெரிசா பயமுறுத்தாது. எதிர்ல இருக்கிற முகம்தான் பயமுறுத்தும். பாவம் பார்க்கிற முகம். சொல்லு சொல்லுன்னு அவசரப்படுத்துற முகம். எங்க பள்ளிக்கூடத்துல ஒரு கணக்கு டீச்சர் இருந்தாங்க. நான் பேசும்போது அவங்க சும்மா சாக்பீஸை உருட்டிக்கிட்டு நிப்பாங்க, அன்னிக்கு வேற வேலையே இல்லாத மாதிரி. அவங்க வகுப்புல மட்டும் நான் நிறைய பேசியிருக்கேன்.

அப்புறம், லைப்ரரி படிக்கட்டுல உன்னை நிறுத்தி "மழை வரும் போல"ன்னு சொன்னேன் பாரு. வெயில் பளிச்சுன்னு அடிச்சுது. நான் சொல்ல வந்தது அது இல்லை. அதை எழுதி அனுப்பிட்டா சுலபம். ஆனா வாயால சொல்லணும்னு இருக்கு.

ஒட்டகம்


ஜூலை 16

ஒட்டகத்துக்கு,

மூணு வருஷம் பக்கத்து பெஞ்ச். திக்குவாய் பத்தி நான் எழுதின கட்டுரையை மேடம் எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாங்க. அப்போ நீ பக்கத்துல உக்காந்து கை தட்டின. எனக்குத் தெரியலை. இதை நினைச்சு ரெண்டு நாள் யார்கூடவும் சரியா பேசலை.

அப்புறம் எங்க வீட்டைக் கவனிக்க ஆரம்பிச்சேன். அப்பா "த..."ன்னு ஆரம்பிச்சா போதும். "தண்ணியா? தலைவலியா? தலகாணியா?"ன்னு அம்மா ஒரு பக்கம். "கையைக் காட்டுங்கப்பா"ன்னு நான் ஒரு பக்கம். அவர் கடைசியில கையை உதறிட்டுக் கண்ணை மூடிக்குவார். நாங்க அதை அசதின்னு நினைச்சுட்டு இருந்தோம்.

நான் நிறுத்திட்டேன். அம்மாவால முடியலை. பாவம், அன்பு அவங்களை வாயை மூட விடலை.

திங்கட்கிழமை அம்மா பல் டாக்டர்கிட்ட போக வேண்டியிருந்தது. அப்பாவைத் தனியா விட முடியாது. கிளாஸுக்கு என்கூடவே கூட்டிட்டுப் போய் பின் சீட்ல உக்கார வச்சேன். ஓட்டினது ஒரு வக்கீலம்மா. அவங்களுக்கு எதைச் சொன்னாலும் காரணம் வேணும். கியரை மாத்துங்கன்னா "ஏன் இப்பவே மாத்தணும்?"ம்பாங்க. பெரிய சிக்னல்ல வண்டி அணைஞ்சு போச்சு. பச்சை விழுந்துடுச்சு. பின்னாடி ஒரே ஹாரன். அவங்க பதறிப்போய் எதையெதையோ மிதிக்கிறாங்க. அப்போ பின்னாலேர்ந்து ஒரு குரல்.

"கிளட்ச்."

அப்பா குரல். அப்படியே திரும்பி அவரைக் கட்டிக்கணும் போல இருந்தது. திரும்பலை. கண்ணாடியில மட்டும் பார்த்தேன். அப்பா வாயைத் திறந்து மூடுறார். அடுத்து என்னன்னு எனக்குத் தெரியும், பின் சீட்ல உக்காந்து ஆயிரம் தடவை கேட்டது. நாக்கு நுனியில நிக்குது. உன்னை நினைச்சுக்கிட்டேன். பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.

பின்னாடி இருந்த வேன்காரர் கத்த ஆரம்பிச்சுட்டார். வக்கீலம்மா ஜன்னலை இறக்கித் தலையை வெளிய நீட்டி, "கொஞ்சம் இருங்க, சார் சொல்லிட்டு இருக்கார்"னாங்க. உள்ள திரும்பி, "நீங்க சொல்லுங்க சார்"னாங்க.

"கிளட்ச்... முழுசா... மிதி. சாவி. மெதுவா... மெதுவா விடு."

வண்டி கிளம்புச்சு. மறுபடி சிவப்பு விழுந்து, அடுத்த பச்சைக்குத்தான் கிளம்புச்சு, அது வேற விஷயம். வக்கீலம்மா முதல் தடவையா காரணம் கேட்கலை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாகிட்ட சொல்ல ஓடினேன். அப்பா சட்டையைப் பிடிச்சு இழுத்தார். தானே சொல்லணுமாம். கால் மணி நேரம் ஆச்சு. "கார்... நான்... கிளட்ச்." அவ்வளவுதான் கதை. அம்மா வாயில பஞ்சு வச்சு வந்திருந்தாங்க. நல்லவேளை, குறுக்க பேச முடியலை.

அடுத்த வாரம் உங்களுக்கு லீவு வருது இல்லையா? வரணும்னா வா. வரச் சொன்னதா நினைச்சுக்காத.

லீடர்


ஜூலை 27

லீடர்,

பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். உங்க அம்மா கட்டிக் கொடுத்ததை ரூம்மேட் பஸ் ஸ்டாண்டுலேயே பாதி காலி பண்ணிட்டான்.

உங்க வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தேன். உங்க அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார். நான் பேரைச் சொல்ல ஆரம்பிச்சேன். என் பேர்லதான் எனக்கு ரொம்ப மாட்டும். சுத்திப் போக வேற பேர் இல்லையே. வழக்கமா கையை நீட்டிச் சிரிச்சு சமாளிச்சுடுவேன். அன்னிக்கு அப்படிச் செய்ய வேண்டாம்னு தோணிச்சு. நின்னு திக்கினேன். நல்லா திக்கினேன். உங்க அம்மா முகம் போன போக்கை நீ பார்த்திருப்ப. உங்க அப்பா மட்டும் அசையவே இல்லை. நான் முடிச்சதும் பக்கத்துல தட்டி உக்காரச் சொன்னார்.

அப்புறம் ரெண்டு பேரும் பேசினோமே, அது என்ன பேச்சுன்னு நீ சமையலறையிலேர்ந்து எட்டி எட்டிப் பார்த்த. சொல்றேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியுமான்னு கேட்டார். தெரியாதுன்னேன். வெக்கமா இல்லையான்னு கேட்டார். அவ்வளவுக்கே மதியச் சாப்பாட்டு நேரம் வந்துடுச்சு. எனக்கு அவ்வளவு நிம்மதியான பேச்சு வாழ்க்கையில அமைஞ்சதில்லை.

அன்னிக்கு வந்திருந்த உங்க மாமா டிரைவிங் ஸ்கூலைப் பார்த்துக்கிறேன்னு சாப்பிடும்போது சொன்னாரே, அவர் வேன் ஓட்டுறதை விட்டதுலேர்ந்து யாராவது கேட்பாங்கன்னு காத்துட்டு இருந்தாராம். என்கிட்ட கை கழுவும்போது சொன்னார். "தங்கச்சி வீடுதான், ஆனா நானா போய் நுழைஞ்சா நல்லாவா இருக்கும்"னார். நீங்க யாருமே கேட்கலை. உங்க வீட்ல பேசத் தெரிஞ்சவங்க நிறைய பேர், ஆனா...சரி, நான் இத்தோட நிறுத்திக்கிறேன்.

இப்போ பஸ் ஸ்டாப் விஷயம். என் பஸ் வந்து நின்னுச்சு. நான் ஆரம்பிச்சிருந்தேன். முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கிட்டேன். கண்டக்டர் "ஏறுறீங்களா இல்லையா?"ங்கிறார். நீ அவரைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையைக் காட்டின. பஸ் போயிடுச்சு. நீ பையைக் கீழே வச்சுட்டு, உனக்கு அன்னிக்கு வேற வேலையே இல்லாத மாதிரி நின்ன.

நான் சொல்லி முடிச்சேன். உன்னைப் பிடிக்கும்னு. ரெண்டாவது வருஷத்துலேர்ந்துன்னு. இடையில நான் எதையும் சுத்திக்கிட்டுப் போகலை. நீ "யோசிச்சு எழுதறேன்"ன. எழுதாட்டியும் பரவாயில்லைன்னு பெருந்தன்மையா எழுதலாம்னு பார்க்கிறேன். பேனா வரலை. எழுது.

கேன்டீன்ல இன்னிக்குக் காபி கேட்டேன். பின்னாடி வரிசை நின்னுச்சு. நிக்கட்டும்.

ஒட்டகம்


ஆகஸ்ட் 2

ஒட்டகத்துக்கு,

மாமா மூணு நாள் முன்னாடி சாவியை வாங்கிக்கிட்டார். நான் கொடுக்கலை, அப்பாதான் கொடுத்தார். "பா... பார்த்து"ன்னார். மாமா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, முதல் நாளே என்னை இப்படி மிரட்டுறியே மாப்பிள்ளைன்னு சிரிச்சார். வாரத்துக்கு மூணு நாள் தெரபிஸ்ட் வீட்டுக்கு வர மேடம் பேசி ஏற்பாடு பண்ணிட்டாங்க. மேடம்கிட்ட நானே போன் பண்ணிப் பேசினேன். ஆமா, போனைத் திரும்ப ஆன் பண்ணிட்டேன். ஹால்ல நின்னே பேசினேன். அப்பா வாங்கி ஒரு "ஹலோ" சொன்னார்.

அப்பா இன்னும் நிறைய தடுமாறுறார். நாக்காலியைச் சட்டைங்கிறார், என்னை அக்காங்கிறார். சில நாள் ஒண்ணுமே வராது, அன்னிக்கெல்லாம் யாரும் அவர்கிட்ட போக முடியாது. சரியாயிடும்னு நான் யாருக்கும் சொல்றதில்லை. நேத்தைக்கு இன்னிக்கு நல்லா இருக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உனக்கு ஒரு செய்தி. அம்மா வண்டி ஓட்டக் கத்துக்கிறாங்க. இது அப்பாவோட யோசனை. சாயங்காலம் காலி மைதானத்துல, மாமா பக்கத்து சீட்ல, அப்பா பின் சீட்ல, நானும் அவர்கூட. அம்மாவுக்குக் காரைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. அதனால அப்பா அடுத்து என்ன சொல்லப் போறார்னு அவங்களால ஊகிக்கவே முடியலை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்துட்டு இருக்காங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து இதுதான் முதல் தடவைன்னு மாமா சொல்றார்.

நேத்து மைதானத்துல வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்தோம். அப்பா திடீர்னு, "ஸ்டெப்னி... எப்போ வரும்?"னார்.

"ஸ்டெப்னி டயர் டிக்கியில பத்திரமா இருக்கு மாப்பிள்ளை"ன்னார் மாமா.

அப்பா தலையை ஆட்டினார். "இல்லை. ஸ்டெப்னி." ரெண்டு மூணு தடவை அதையேதான் சொன்னார். அம்மா வாயைத் திறந்தாங்க, மூடிக்கிட்டாங்க. நாங்க எல்லாரும் காத்திருந்தோம். அப்பா நல்ல கையை மெதுவா உயர்த்தி, காரோட கூரையில போய் முட்டுற வரைக்கும் கொண்டுபோனார். அவ்வளவு உயரம். அப்புறம் என்னைக் காட்டினார்.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிச்சார். அம்மா கண்ணாடி வழியா என்னையே பார்த்தாங்க. "உன்னைத்தான் கேட்கிறார், பதில் சொல்லு"ன்னாங்க.

"பரீட்சை முடிஞ்சதும் கூட்டிட்டு வர்றேன்பா"ன்னேன்.

அப்பா சரின்னு சாய்ஞ்சு உக்காந்துக்கிட்டார். அம்மா வண்டியை எடுத்தாங்க. குலுங்கினாலும் அணையலை.

அதனால வீட்ல இப்போ உன் பேர் ஸ்டெப்னி. ஒட்டகத்துக்கு இது தேவலை.

யோசிச்சு எழுதறேன்னு சொன்னேன் இல்லையா? உண்மையைச் சொன்னா யோசிக்க ஒண்ணும் இல்லை. பஸ் ஸ்டாப்லேயே பதில் தெரியும். ஆனா நீ அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொன்னதுக்கு நான் சட்டுன்னு "எனக்கும்"னு சொல்லிட்டா என்னமோ மாதிரி இருந்தது. எனக்கும் பிடிக்கும். உன்னைத் திட்டி எழுதின நாள்லயும் பிடிச்சுது, அதான் அவ்வளவு கோபம்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸுல காலேஜுக்கு வர்றேன். வந்து நில்லு. பெட்டி கனமா இருக்கும். அதுக்காக மட்டும் கூப்பிடலை.

லீடர்